பீடம் ஏறியவரும் ஏடு ஏறியவரும்

நம் பங்கு ஆலயங்களின் சிறு நூலகங்களில் அட்டை கிழிந்து, ஓரம் மடங்கி, பல கைகள் பட்டுப் பழுத்த நூல்கள் எவை என்று பார்த்தால், அவற்றுள் பெரும்பாலானவை புனிதர் வரலாறுகளாகவே இருக்கும். தவக்கால மாலைகளில் பாட்டிமார் வாசிக்கச் சொல்லிக் கேட்டவையும், மறைக்கல்வி வகுப்பில் நாம் பரிசாகப் பெற்றவையும், நோயுற்ற நாள்களில் தலைமாட்டில் வைத்துக்கொண்டவையும் இந்நூல்களே. நம்மிற் பலருக்கு இறைவேண்டலின் முதற்பாடத்தைக் கற்பித்தவை இவை. ஆகவே இவற்றைக் குறித்துக் குறை சொல்லப் புகுமுன் நன்றி சொல்லிவிடுவது நம் கடமை.

நன்றி சொன்ன பின்பும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. இவற்றுள் நான்கைந்தை அடுத்தடுத்துப் படித்தவர்களுக்கு ஒரு புனிதரை மற்றொருவரிடமிருந்து பிரித்தறிவது ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது? எல்லோரும் பக்தி மிகுந்த பெற்றோருக்குப் பிறக்கிறார்கள். எல்லோரும் சிறு வயதிலேயே விளையாட்டை வெறுத்துக் கோவிலை நாடுகிறார்கள். எவருக்கும் கோபம் வருவதில்லை. வந்தாலும் அடுத்த வரியிலேயே தணிந்துவிடுகிறது. 13ஆம் நூற்றாண்டில் யாக்கோபு தெ வொராஜினே தொகுத்த ‘பொற்கதை’ என்னும் நூலில், குழந்தை நிக்கொலாஸ் புதன், வெள்ளிக்கிழமைகளில் ஒரே ஒரு முறைதான் தாய்ப்பால் அருந்துகிறது. எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் அக்குழந்தை நம் நூல்களில் வெவ்வேறு பெயர்களில் பிறந்துகொண்டே இருக்கிறது. கடைசிப் பக்கத்தில், இன்ன ஆண்டில் இன்ன திருத்தந்தை இவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார் என்னும் ஒரு வரியோடு நூல் முடிந்துவிடுகிறது.

அந்தக் கடைசி வரிக்குப் பின்னே மறைந்துகிடக்கும் நெடிய வரலாற்றை நாம் ஈண்டு எண்ணிப் பார்க்க விரும்புகிறோம். ஏனெனில், புனிதர் பட்டம் வழங்கும் முறை நூற்றாண்டுகள் தோறும் தன்னைத் திருத்திக்கொண்டு, சாட்சியைக் கேட்கவும் ஐயத்தை எழுப்பவும் கற்றுக்கொண்டது. புனிதரைப் பற்றி எழுதும் நம் பழக்கமோ அந்த அளவுக்குக் கற்றுக்கொள்ளவில்லை. பீடம் ஏறியவர் ஒருவராகவும், ஏடு ஏறியவர் வேறொருவராகவும் இருப்பதற்கு இதுவே காரணம் என்பது நம் கருத்து.

மக்களின் குரல்

தொடக்கத்தில் பட்டமும் இல்லை, விசாரணையும் இல்லை. கி.பி. 155ஐ ஒட்டிய காலத்தில் சிமிர்னா நகர ஆயர் பொலிக்கார்ப்பு தீயிலிடப்பட்டுக் கொல்லப்பட்டார். அந்நகரத் திருச்சபை அதனை மற்றொரு திருச்சபைக்கு மடலாக எழுதி அனுப்பியது. அவருடைய எலும்புகளைத் திரட்டித் தகுந்த இடத்தில் வைத்ததையும், அவர் உயிர் கொடுத்த நாளை ஆண்டுதோறும் பிறந்தநாளாகக் கொண்டாட எண்ணியிருப்பதையும் அம்மடல் தெரிவிக்கிறது. புனிதர் வணக்கத்தின் வேர் இங்கே இருக்கிறது. அதனை எழுதியவர்கள் அந்த முதியவரை அறிந்தவர்கள். அவருடைய கையால் நற்கருணை வாங்கியவர்கள். அவர்களுக்கு உரோமையின் ஒப்புதல் தேவைப்படவில்லை. தேவைப்பட்டிருந்தால் அதுவே வியப்பு.

இரத்தம் சிந்தும் காலம் ஓய்ந்தபின், இரத்தம் சிந்தாமலே வாழ்நாள் முழுவதையும் சாட்சியாக்கியவர்களையும் மக்கள் போற்றத் தொடங்கினர். எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்து 356இல் இறந்த அந்தோனியாரைப் பற்றி அத்தனாசியார் எழுதினார். 397இல் இறந்த தூர் நகர ஆயர் மார்ட்டினைப் பற்றி, அவர் உயிரோடிருந்தபோதே சுல்பீசியுஸ் செவேருஸ் எழுதினார். புனிதரின் புகழைப் பரப்பியதில் கல்லறைக்கு ஈடாக நூலும் நின்றது.

ஆனால் மக்களின் குரல் எப்போதும் தெளிந்த குரலாக இருந்ததில்லை. ஓர் ஊருக்கு ஒரு புனிதர் இருந்தால் அடுத்த ஊருக்கும் ஒருவர் வேண்டும். திருப்பண்டங்களுக்கு விலை ஏறியது. பெயரறியா எலும்புகளுக்குப் பெயர்கள் கிடைத்தன. 794இல் பிராங்க்பர்ட் நகரில் கூடிய சங்கம் புதிய புனிதர்களை வணங்குவதையும் மன்றாடுவதையும் தடுத்தது. 813இல் மைன்ஸ் நகரச் சங்கம், அரசனின் அல்லது ஆயர்களின் ஆலோசனையும் சங்கத்தின் இசைவும் இன்றிப் புனிதர்களின் உடல்களை இடம் மாற்றலாகாது என்று விதித்தது. அக்காலத்தில் உடலைத் தோண்டியெடுத்து ஆலயத்தில் வைப்பதே ஒருவரைப் புனிதராக ஏற்பதன் அடையாளம் என்பதை நினைவிற்கொண்டால், இவ்விதியின் பொருள் விளங்கும்.

உரோமையின் செவி

திருத்தந்தை ஒருவர் முறைப்படி புனிதர் பட்டம் அளித்ததற்கு நமக்குக் கிடைத்துள்ள முதல் உறுதியான ஆவணம் 993ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகர ஆயர் ஊல்ரிக் 973இல் இறந்தார். இருபது ஆண்டுகளுக்குப் பின், லாத்தரன் அரண்மனையில் 15ஆம் யோவான் கூட்டிய சங்கத்தில், அந்நகரின் அப்போதைய ஆயர் எழுந்து நின்று, ஊல்ரிக்கின் வாழ்வும் அருஞ்செயல்களும் அடங்கிய நூல் ஒன்றை வாசிக்க இசைவு கேட்டார். நூல் வாசிக்கப்பட்டது, அவை கேட்டது, ஊல்ரிக் புனிதராக அறிவிக்கப்பட்டார். ஆவணச் சான்றுள்ள முதல் பட்டமே ஒரு புனிதர் வரலாற்று நூலைக் கேட்டு வழங்கப்பட்ட பட்டம் என்பது இலக்கிய அன்பர்கள் கருதத்தக்கது. அந்நூலில் பொய் இருந்திருப்பின் பட்டமும் பொய்யின்மேல் நின்றிருக்கும்.

அடுத்துவந்த திருத்தந்தையர் நூலைக் கேட்டதோடு நிற்கவில்லை. 1170களின் தொடக்கத்தில் சுவீடன் நாட்டு மன்னனுக்கு 3ஆம் அலெக்சாண்டர் எழுதிய மடல் ஒன்றுண்டு. குடிவெறியில் கொல்லப்பட்ட ஒருவனை அங்குள்ளோர் புனிதனாக வணங்குவதைக் கேள்வியுற்ற அவர், அவனால் அருஞ்செயல்கள் நடப்பதாகவே இருந்தாலும் உரோமைத் திருச்சபையின் இசைவின்றி வணங்கலாகாது என்று கண்டித்தார். 9ஆம் கிரகோரி 1234இல் வெளியிட்ட சட்டத் தொகுப்பில் இம்மடல் இடம்பெற்றதும், புனிதர் பட்டம் திருத்தந்தைக்கே உரிய அதிகாரம் என்பது மேலைத் திருச்சபையின் சட்டமாயிற்று.

இடையில் 1199இல் நிகழ்ந்த ஒன்றையும் குறிப்பிட வேண்டும். இத்தாலியின் கிரெமோனா நகரில் ஹோமோபோனுஸ் என்னும் துணி வணிகர் இருந்தார். மணமானவர், குருவும் அல்லர், துறவியும் அல்லர். 1197 நவம்பரில் அவர் இறந்து பதினான்கு மாதங்களுக்குள் 3ஆம் இன்னொசென்ட் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். ஒருவரைப் புனிதர் என்று ஏற்க நல்வாழ்வும் அருஞ்செயலும் ஆகிய இரண்டும் வேண்டும் என்னும் நெறியை அத்திருத்தந்தை அப்போது வலியுறுத்தினார். பார்வோனின் மந்திரவாதிகளும் அருஞ்செயல் காட்டினார்கள் அன்றோ? வாழ்வே முதற்சான்று என்னும் இந்நெறி ஒரு துணி வணிகரின் பட்டத்தோடு சேர்த்து உரைக்கப்பட்டது பொதுநிலையினராகிய நமக்கு ஆறுதல் தருவது.

ஆயினும் பட்டம் கிடைத்தபின் நூலுக்கு என்ன நேரும் என்பதற்கு அசிசி நகர் பிரான்சிசின் வரலாறே சான்று. 1226இல் இறந்த அவருக்கு 1228லேயே பட்டம் கிடைத்தது. திருத்தந்தையின் ஆணைப்படி செலானோ ஊர்த் தோமா உடனடியாக ஒரு வரலாறு எழுதினார். பிரான்சிசின் இளமைக்கால வீண்வாழ்வையும் அவர் வளர்ந்த வளர்ப்பையும் அதில் அவர் கடுமையாகவே சாடியிருந்தார். பின்னர்ச் சபைத் தலைவராயிருந்த பொனவெந்தூர் எழுதிய வரலாறு 1263இல் ஏற்கப்பட்டது. அதில் அக்கடுமை பெரிதும் தணிந்துவிட்டது. 1266இல் பாரிசில் கூடிய சபைப் பேரவை, பழைய வரலாறுகளை எல்லாம் அழித்துவிடுமாறு ஆணையிட்டது. தன் தந்தையைப் பற்றிய முதல் சாட்சியத்தைப் பிள்ளைகளே அழிக்க முனைந்தனர். தப்பிப் பிழைத்த சில படிகளால்தான் செலானோவின் முதல் நூல் ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின், 1768இல், அச்சேறியது. பொனவெந்தூரின் நூல் அழகானது, ஆழமானது. அதனை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஓர் அழகிய நூலுக்காக உண்மையான நூல் ஒன்று எரிக்கப்படத் தேவையில்லை.

ஐயம் எழுப்புவோரும் பணியாளரே

1523 முதல் 1588 வரை அறுபத்தைந்து ஆண்டுகள் எவருக்கும் புனிதர் பட்டம் அளிக்கப்படவில்லை. சீர்திருத்தத் திருச்சபையினரின் கண்டனங்களைச் சந்தித்த பின்னர், உரோமை தன் முறையைப் புதுக்கியது. 1588இல் 5ஆம் சிக்ஸ்துஸ் ஏற்படுத்திய திருச்சடங்குப் பேராயத்திடம் புனிதர் பட்ட வழக்குகள் ஒப்படைக்கப்பட்டன. எதிர்வாதம் செய்வதற்கென்றே ஓர் அலுவலர் நியமிக்கப்பட்டார். விசுவாசக் காவலர் என்பது அவருடைய பதவிப் பெயர். மக்கள் அவரைப் ‘பசாசின் வக்கீல்’ என்று அழைத்தனர். உண்மையில் அவர் திருச்சபையின் மனச்சான்றுக்காக வாதாடிய வக்கீல். அப்பதவியில் சுமார் இருபது ஆண்டுகள் இருந்த புரோஸ்பெரோ லம்பர்த்தினி, 1734 முதல் 1738 வரை இப்பொருள் குறித்துப் பெருநூல் ஒன்றை வெளியிட்டு, பின்னர் 14ஆம் பெனடிக்ட் என்னும் பெயரில் திருத்தந்தையானார்.

இலக்கியத்தை நேரே தொடும் விதிகளை 1625 முதல் 1634 வரை 8ஆம் உர்பன் பிறப்பித்தார். பட்டம் பெறாதவர்க்குப் பொது வணக்கம் செலுத்தலாகாது. அவர்களைப் பற்றிய நூல்கள் திருச்சபையின் தீர்ப்பை முந்தலாகாது. பழைய கத்தோலிக்க நூல்களின் முகப்பில், இதில் வரும் ‘அர்ச்சியசிஷ்டவர்’ முதலிய சொற்களை வெறும் மனித மதிப்பீடாகவே கொள்க என்னும் பொருள்பட ஓர் அறிவிப்பு இருக்கக் கண்டிருப்போம். பக்தி எழுத்தாளன் தன் எல்லையை உணர்ந்து எழுதவேண்டும் என்பதற்கு அது நினைவூட்டு.

அதே நூற்றாண்டில், பெல்ஜிய நாட்டுப் பகுதியைச் சேர்ந்த இயேசு சபையினர் சிலர் புனிதர் வரலாறுகளின் மூலங்களைத் தேடித் திரட்டத் தலைப்பட்டனர். முதல் தொகுதிகள் 1643இல் ஆன்ட்வெர்ப் நகரில் வெளிவந்தன. போலண்ட் என்னும் குருவின் பெயரால் போலண்டியர் என வழங்கப்படும் இக்குழுவினர், எந்தச் சாட்சியம் முதற்சாட்சியம், எது பிற்காலக் கற்பனை என்று பிரித்துக் காட்டினர். அவர்களுள் ஒருவரான பாப்பன்புரூக், கார்மேல் சபையை எலியா இறைவாக்கினரே நிறுவினார் என்னும் மரபை ஐயுற்றதால், ஸ்பானிய விசாரணை மன்றம் 1695இல் அத்தொகுதிகளைத் தடைசெய்தது. 1715வரை தடை நீடித்தது. உண்மையைத் தேடியவர்களைத் திருச்சபையினரே வருத்தினர். எனினும் அவர்கள் திருச்சபையைவிட்டு அகலாமல் பணியைத் தொடர்ந்தனர். செலானோவின் நூலை 1768இல் அச்சேற்றியவர்களும் இவர்களே.

சவேரியாரின் நாக்கு

இத்தனை கண்டிப்புக்குப் பின்னும் ஏடு பீடத்தை முந்திக்கொண்ட இடங்கள் உண்டு. நம் கடற்கரையோடு தொடர்புடைய ஒன்றையே எடுத்துக்கொள்வோம்.

புனித பிரான்சிஸ் சவேரியார் 1622 மார்ச் 12ஆம் நாள், இஞ்ஞாசியார், அவிலா தெரேசா, பிலிப்பு நேரி, உழவர் இசிதோர் ஆகியோருடன் புனிதர் பட்டம் பெற்றார். மறு ஆண்டு வெளிவந்த பட்ட ஆணை மடல், அவர் பல மொழிகளையும் வியப்புறப் பேசும் வரம் பெற்றிருந்ததாகக் கூறுகிறது. நம் மேடைகளிலும் நூல்களிலும் இது இன்றளவும் சொல்லப்படுகிறது.

ஆனால் சவேரியாரே எழுதிய மடல்கள் நம்மிடம் உள்ளன. முத்துக்குளித்துறையில் ஓராண்டுக்கு மேல் பணியாற்றியபின், 1544 ஜனவரி 15ஆம் நாள் கொச்சியிலிருந்து அவர் எழுதிய மடல் வேறு செய்தி சொல்கிறது. மக்கள் பேசுவது இவருக்குப் புரியவில்லை. இவர் பேசுவது மக்களுக்குப் புரியவில்லை. ஆகவே இரு மொழியும் ஓரளவு அறிந்தவர்களைத் தேடிப்பிடித்து, பல நாள்கள் கூடி உழைத்து, செபங்களைத் தமிழில் ஆக்குவித்து, அவற்றை மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியோடு தெருத்தெருவாகச் சென்று சிறுவர்களைக் கூட்டினார். திருமுழுக்குக் கொடுத்துக் கொடுத்துக் கை சோர்ந்ததையும், செபங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் குரல் அடங்கிப்போனதையும் அவரே எழுதுகிறார். சவேரியார் வரலாற்றை வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த இயேசு சபை அறிஞர் சூர்ஹாம்மர் முதலானோர் இம்மடல்களையே முதற்சான்றாகக் கொண்டனர்.

எந்தச் சவேரியார் பெரியவர்? வாய் திறந்ததும் தமிழ் பொழிந்தவரா, நம் மொழியின் முன் சிறுபிள்ளையாக அமர்ந்து, பிழைபட்ட உச்சரிப்போடு கற்றுக்கொண்டவரா? வரமாகக் கிடைத்த நாவைக் கண்டு நாம் வியக்கலாம், பின்பற்ற முடியாது. மொழி தெரியாத ஊரில் மனப்பாடம் செய்த உழைப்பைப் பின்பற்றலாம். அதைவிட, அவருக்குச் சொல் தேடிக் கொடுத்த பெயரறியாத நம் கடற்கரை முன்னோரையும் முதல் கதை மறைத்துவிடுகிறது. இறையருளைப் பெரிதாக்குவதாக எண்ணி மனித உழைப்பை அழிக்கும் எழுத்து, அருள் எங்கே செயற்பட்டது என்பதையும் சேர்த்து அழித்துவிடுகிறது.

காவியம் பாடுவோர்க்கு வேறு நீதி உண்டு என்பதை மறுக்கவில்லை. 1726இல் வீரமாமுனிவர் புனித சூசையப்பரைத் தலைவராக்கி 3615 பாடல்களில் தேம்பாவணி இயற்றியபோது, வரலாறு எழுதுவதாக அவர் சொல்லிக்கொள்ளவில்லை. காப்பிய மரபில் நின்று பாடினார். ‘நடந்தது இது’ என்று உரைநடையில் சொல்லும் நூலுக்கு அந்த உரிமை இல்லை.

சிறுமலரின் குறிப்பேடுகள்

அண்மைக் காலத்திலும் அன்பு மிகுதியால் நேர்ந்த ஒன்றைக் காண்போம். லிசியே நகரின் குழந்தை தெரேசா 1897இல், 24ஆம் வயதில் இறந்தார். மறு ஆண்டே அவருடைய தன்வரலாறு வெளிவந்தது. அவருடைய அக்காளும் மடத்துச் சகோதரியுமான அன்னை ஆக்னஸ், தங்கையின் இசைவோடுதான் அதனைத் திருத்தினார். ஆனால் அத்திருத்தங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. மூவருக்கு எழுதப்பட்ட மூன்று கையெழுத்துப் படிகள் ஒருவருக்கே எழுதப்பட்டவைபோல் இணைக்கப்பட்டன. மற்றொரு சகோதரியான செலின், தெரேசாவின் நிழற்படங்களைத் தூரிகையால் மென்மையாக்கினார். தெரேசா 1925இல் பீடம் ஏறினார். அவர் கைப்பட எழுதியவை எழுதியவாறே 1956இல்தான் வெளிவந்தன.

திருத்திய நூலும் உலகெங்கும் எண்ணற்ற உள்ளங்களைத் தொட்டது உண்மை. ஆயினும் மூலத்தைப் படித்தவர்கள், மெழுகுப் பொம்மை போன்ற ஒரு சிறுமியைக் காணாமல், உறுதியும் நகைச்சுவையும் கொண்ட ஓர் இளம்பெண்ணைக் கண்டனர். தெரேசாவைத் திருச்சபையின் மறைவல்லுநராக இரண்டாம் அருள் சின்னப்பர் 1997இல் அறிவித்தபோது, அந்த மூல எழுத்துகள் உலகின் கைகளில் இருந்தன.

நட்டாலத்தார்

இனி நம் மண்ணுக்கு வருவோம். நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்டபிள்ளை, திருவிதாங்கூர் அரசில் அலுவலராயிருந்தார். 1741இல் குளச்சல் போரில் மார்த்தாண்டவர்மரிடம் சிறைப்பட்டு, பின் அவருடைய படைத்தலைவரான டச்சுக்காரர் டிலெனாயின் வழியாகக் கிறிஸ்துவை அறிந்தார். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749இல் கைதாகி, மூன்றாண்டு வதைக்கப்பட்டு, 1752 ஜனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்டார். கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அவர் உடல் அடக்கம் பெற்றது. நான்கே ஆண்டுகளில், 1756இல், கொச்சி ஆயர் உரோமைக்கு அனுப்பிய அறிக்கையில் அவரைப் பற்றிய செய்தி இடம்பெற்றது. ஆனால் அருளாளர் நிலை 2012இலும், புனிதர் பட்டம் 2022 மே 15ஆம் நாளிலுமே கிடைத்தன.

இருநூற்று எழுபது ஆண்டுகள் அவரை உயிரோடு வைத்திருந்தவர்கள் எளிய மக்களே. குமரி மாவட்டத்தின் பாட்டுகளிலும், யாழ்ப்பாணம், மன்னார்ப் பகுதிகளின் நாட்டுக்கூத்துகளிலும் அவர் வாழ்ந்தார். புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் பாறையை முட்டியபோது நீர் சுரந்தது என்று மக்கள் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். சிமிர்னா மக்கள் பொலிக்கார்ப்பின் எலும்புகளைத் திரட்டிய அதே அன்பு இது.

விசாரணையோ வேறு கேள்விகளைக் கேட்டது. அவர் கொல்லப்பட்டது விசுவாசத்தின் பொருட்டா, அரசியல் காரணத்தாலா? காலத்தை ஒட்டிய ஆவணம் எது? உரோமை ஏற்று வெளியிட்ட வாழ்க்கைக் குறிப்பில் ஒரு செய்தி அழுத்தமாக நிற்கிறது: சாதி வேறுபாடின்றி எல்லோரும் சமம் என்று அவர் வலியுறுத்தியதும், அது மேற்குலத்தாரின் பகையை மூட்டியதும் அங்கே சொல்லப்படுகின்றன. பீடம் ஏறிய நாளில் அவருடைய பெயரோடு சாதிப் பட்டம் சேர்க்கப்படவில்லை.

நம் நூல்களில் எத்தனை இச்செய்திக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்குகின்றன? எருமைமேல் ஏற்றியதும் மிளகாய்ப்பொடி தடவியதும் விரிவாக வரும். எவரோடு உட்கார்ந்து உண்டதால் அவருக்கு இந்நிலை நேர்ந்தது என்பது ஒரு வரியில் கடந்துவிடும். அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், 19ஆம் நூற்றாண்டில் எழுந்த ஆலயத்தில் சாதிகளைப் பிரிக்கும் சுவர் நின்றது என்பதும், 1910இல்தான் அச்சுவர் இடிக்கப்பட்டது என்பதும் அவர் வரலாற்றின் தொடர்ச்சி அல்லவா? துன்பத்தை மட்டும் எழுதிக் காரணத்தை மறைத்தால், கண்ணீர் சிந்திவிட்டு நாம் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடலாம். காரணத்தையும் எழுதினால், நம் கல்லறைத் தோட்டத்தையும் தேர்த்திருவிழாவையும் திருமண உறவுகளையும் பற்றி அவர் நம்மைக் கேள்வி கேட்பார். புனிதர்களை நாம் மென்மையாக எழுதுவதன் உள்நோக்கம் சில வேளைகளில் இதுவாகவே இருக்குமோ என்று அஞ்சுகிறோம்.

திருமுழுக்குப் பெற்று அவருடைய துயரைப் பகிர்ந்த மனைவி ஞானப்பூ அம்மாளும் பல நூல்களில் இரண்டொரு வரியோடு மறைந்துபோகிறார். மணமான ஒருவரைப் புனிதராக்கிக் காட்டும் நூல், அவருடைய இல்லறத்தை மறந்துவிடுவது எவ்வாறு?

ஓரியூரில் 1693இல் கொல்லப்பட்ட அருளானந்தரின் வழக்கிலும் இதுபோன்ற ஒன்று உண்டு. தமிழ்த் துறவியாரின் வழக்கங்களை அவர் மேற்கொண்டது பட்டத்துக்குத் தடையாகுமா என்னும் கேள்வி எழுந்தது. முன்பு எதிர்வாதப் பதவியில் இருந்த அதே லம்பர்த்தினிதான், திருத்தந்தையானபின் 1741இல், அவ்வழக்கங்களை அவர் சமய வழிபாடாகக் கொள்ளாமல் சமூக வழக்கமாகவே மேற்கொண்டார் என்றும், அவை தடையல்ல என்றும் தீர்த்தார். 1853இல் அருளாளராகவும் 1947இல் புனிதராகவும் அவர் உயர்ந்தார். அவருடைய காவி உடை உரோமையில் விவாதிக்கப்பட்ட கதையை எத்தனை இளைஞர்கள் அறிவார்கள்?

எளியோரின் விசுவாசம் குலையுமா?

இவ்வாறு எழுதினால் எளியோரின் விசுவாசம் குலையும் என்பார்கள். இக்கவலையை நாம் புறக்கணிக்கவில்லை. பிலோமினா என்னும் பெயரைத் தாங்கிய அன்னையரும் சகோதரியரும் நம் குடும்பங்களில் எத்தனையோ பேர். 1802இல் உரோமைச் சுரங்கக் கல்லறையில் கிடைத்த எலும்புகளிலிருந்தும், அங்கிருந்த ஓடுகளின் எழுத்துகளிலிருந்தும் தொடங்கியது அந்தப் பக்தி. அவருடைய விரிவான வரலாறோ ஒரு கன்னியரின் காட்சிகளிலிருந்து எழுந்தது. 1961இல் அத்திருநாள் நாட்காட்டியிலிருந்து நீக்கப்பட்டபோது பலர் மனம் நொந்தனர். அந்நோவுக்குக் காரணம் உண்மையைச் சொன்னவர்கள் அல்லர். சான்றில்லாததை வரலாறாக எழுதி அவர்கள் கையில் கொடுத்தவர்களே. அவர்கள் சொன்ன செபங்கள் வீணாகவில்லை. செபத்தைக் கேட்பவர் இறைவன் அல்லவா?

உண்மை விசுவாசத்தைக் குலைப்பதில்லை என்பதற்கு அன்னை தெரேசா சான்று. 1983இல் இரண்டாம் அருள் சின்னப்பர் விசாரணை முறையை மாற்றி, வழக்காடுவதைவிட வரலாற்று ஆய்வுக்கு முதன்மை அளித்தார். தேவைப்படும் அருஞ்செயல்களின் எண்ணிக்கையும் குறைந்தது. அவருடைய காலத்தில் 482 பேர் புனிதராயினர். அவர்களுள் கொரியா, வியட்நாம், சீனா ஆகிய நாடுகளின் மறைசாட்சிகள் மட்டும் 340 பேர். பழைய எதிர்வாதம் தளர்ந்ததால் அவசரம் புகுந்துவிட்டது என்று வருந்துவோரும் உண்டு. அவ்வருத்தத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் அன்னை தெரேசாவின் வழக்கில், அவரைக் கடுமையாகத் தாக்கி நூல் எழுதிய இறைமறுப்பாளர் ஒருவரையே அழைத்துச் சாட்சியம் கேட்டனர். அழித்துவிடுமாறு அன்னையே வேண்டியிருந்த மடல்களையும் திரட்டினர். பல்லாண்டுகள் இறைவனின் அண்மையை உணரமுடியாமல் இருளில் நடந்ததை அம்மடல்கள் காட்டின. 2007இல் அவை நூலாக வந்தபோது உலகம் திகைத்தது. ஆனால் செபிக்க முடியாமல் தவித்த எத்தனையோ பேர், தாங்கள் தனியாக இல்லை என்று அறிந்தனர். 2016இல் அவர் பீடம் ஏறியபோது அந்த இருளும் அவருடன் பீடம் ஏறியது.

ஆகவே நம் எழுத்தாளர்களிடம் நாம் வேண்டுவது பெரிதன்று. ஒரு செய்தியைச் சொல்லும்போது அதைச் சொன்ன சாட்சி யார் என்று சொல்லுங்கள். மக்கள் சொல்லும் மரபாயின், மரபு என்றே மதிப்போடு எழுதுங்கள். அதனை மறைக்கவும் வேண்டாம், ஆவணமாக்கவும் வேண்டாம். புனிதரின் கோபம், தயக்கம், தோல்வி, நகைப்பு ஆகியவற்றை அழிக்காதீர்கள். அவரைத் துன்புறுத்தியவர்கள் எதற்காகத் துன்புறுத்தினார்கள் என்பதை முழுமையாக எழுதுங்கள். அவரோடு வாழ்ந்தவர்களையும் ஏட்டில் ஏற்றுங்கள்.

வாசகராகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. அடுத்த முறை பங்கு நூலகத்தில் ஒரு புனிதர் வரலாற்றைக் கையில் எடுக்கும்போது, கடைசி வரியில் உள்ள அந்த ஆண்டைப் பார்ப்போம். அவர் இறந்த ஆண்டுக்கும் அதற்கும் இடையே எத்தனை ஆண்டுகள் என்று கணக்கிடுவோம். அந்த இடைவெளியில் யாரோ சிலர் நினைவில் வைத்திருந்தார்கள். யாரோ சிலர் ஐயப்பட்டார்கள். யாரோ சிலர் முன்வந்து, தாம் கண்டதை ஆணையிட்டுச் சொன்னார்கள். கிரெமோனாவின் துணி வணிகரை அறிந்த அண்டை வீட்டாரும், நட்டாலத்தாரைப் பாட்டில் பாடிய தாய்மாரும் நம்மைப் போன்ற பொதுநிலையினரே. நம் தெருவிலும் அத்தகைய ஒருவர் இன்று நடந்துகொண்டிருக்கக் கூடும். நாளை நம்மிடம் சாட்சியம் கேட்டால், கண்டதைக் கண்டபடி சொல்லும் பழக்கம் நமக்கு இருக்கவேண்டும்.